சீனியர் அமெச்சூர் ஐஸ் ஹாக்கி: கனடாவின் ஊர் லீக்குகள் எப்படி இயங்குகின்றன?

1961 மார்ச் மாதம் சுவிட்சர்லாந்தில் உலக ஐஸ் ஹாக்கி சாம்பியன்ஷிப் நடந்தது. கடைசி ஆட்டத்தில் கனடா சோவியத் யூனியனை 5-1 என்ற கணக்கில் வென்று தங்கம் வாங்கியது. கனடாவின் சார்பில் ஆடியவர்கள் நாடு முழுவதும் சலித்தெடுத்த நட்சத்திரங்கள் என்றுதான் நினைக்கத் தோன்றும். உண்மையில் ஆடியது ஓர் ஊர் அணி. ட்ரெய்ல் ஸ்மோக் ஈட்டர்ஸ் என்று பெயர். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் தென்கிழக்கு மலைப்பகுதியில், ஈயமும் துத்தநாகமும் உருக்கும் ஆலையை நம்பி வாழும் சிறு நகரம் ட்ரெய்ல். மக்கள்தொகை அப்போது பத்தாயிரத்தைச் சற்றுத் தாண்டியிருந்தது.

அந்த அணி வழக்கமாக ஆடி வந்தது ஒரு வட்டார சீனியர் அமெச்சூர் லீக்கில். இந்தப் பெயரைக் கேட்டதும் பலர் மனதில் தவறான படம் ஒன்று வந்துவிடுகிறது. சீனியர் என்றால் ஓய்வுபெற்றவர்கள், அமெச்சூர் என்றால் கற்றுக்குட்டிகள், வட்டாரம் என்றால் பெரிய லீக்கில் இடம் கிடைக்காதவர்கள் ஒதுங்கும் இடம். மூன்றுமே தவறு. விளையாட்டுச் செய்திகளிலும் இந்தக் குழப்பம் அடிக்கடி கண்ணில் படுவதால், அடிப்படையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஐஸ் ஹாக்கியை ஒருமுறைகூடப் பார்க்காதவர்களும் படிக்கலாம்.

ஆட்டத்தைப் பற்றி நான்கு வரி

சுமார் 200 அடி நீளம், 85 அடி அகலம் உள்ள பனித்தரை. இரு பக்கமும் கோல்கீப்பரோடு சேர்த்து ஆறு ஆறு பேர். பந்துக்குப் பதில் பக் என்ற தட்டையான ரப்பர் வில்லை. இருபது நிமிடங்கள் வீதம் மூன்று பகுதிகள். வேகம் அதிகம் என்பதால் ஒருவர் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக ஆடிவிட்டு வெளியே வர, அடுத்தவர் உள்ளே போவார். அதனால் ஓர் அணிக்கு இருபது பேர் வரை தேவை. பக்கை வைத்திருப்பவரைத் தோளாலும் உடம்பாலும் இடித்துத் தள்ள விதி இடம் தருகிறது. இதற்குப் பாடிசெக் என்று பெயர். இந்த ஒரு சொல்லை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சீனியர் என்பது வயதுப் படி

கனடாவில் ஐஸ் ஹாக்கி வயதை வைத்து மூன்றாகப் பிரிந்திருக்கிறது. சிறுவர்களும் பள்ளி வயதினரும் ஆடுவது மைனர். ஏறக்குறைய 16 முதல் 20 வயது வரை ஜூனியர். அதற்கு மேல் எல்லாமே சீனியர். ஆக, 22 வயதுப் பையனும் சீனியர்தான், 38 வயதுத் தகப்பனும் சீனியர்தான்.

ஜூனியர் என்பதுதான் உண்மையில் தொழில்முறை ஆட்டத்துக்குப் போகும் வாசல். வட அமெரிக்காவின் உச்ச லீக்கான என்எச்எல் கனடாவில் ஆள் தேடுவது பெரும்பாலும் அங்கேயும் பல்கலைக்கழக அணிகளிலும்தான். 20 வயதில் ஜூனியர் முடிந்துவிடுகிறது. பெரும்பாலானோருக்கு அழைப்பு வருவதில்லை. நான்கு வயதிலிருந்து ஸ்கேட்டிங் கற்று, தினமும் விடிகாலையில் எழுந்து பயிற்சி செய்து, நாட்டின் முதல் சில ஆயிரம் ஆட்டக்காரர்களில் ஒருவராக வளர்ந்தவர், என்எச்எல் எடுக்கவில்லை என்பதற்காக ஆட்டத்தை மறந்துவிடுவாரா? அவர் ஊருக்குத் திரும்புகிறார், வேலையில் சேர்கிறார், ஊர் அணியில் ஆடுகிறார். சீனியர் லீக்கின் தரம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதுதான் விடை. அந்தத் தரத்தையும் ஏ, ஏஏ, ஏஏஏ என்று பிரிக்கிறார்கள். ஏஏஏ உச்சம்.

அமெச்சூர் என்றால் என்ன ஏற்பாடு?

நம் ஊரில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைப்பது எல்லோருக்கும் தெரியும். நன்றாகக் கபடி ஆடுபவர் ரயில்வேயில் சேர்கிறார், கிரிக்கெட் ஆடுபவருக்கு வங்கி வேலை கொடுக்கிறது. சம்பளம் அந்த வேலைக்குத்தான், ஆட்டத்துக்கு அல்ல. ஆனால் ஆட்டம் இல்லாமல் அந்த வேலை வந்திருக்காது என்பது அவருக்கும் தெரியும், அதிகாரிக்கும் தெரியும். அவரை ஆடத் தெரியாதவர் என்று யாராவது சொன்னால் நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம்.

கனடாவின் சீனியர் ஹாக்கி வளர்ந்ததும் கிட்டத்தட்ட இதே வழியில்தான். ட்ரெய்ல் உருக்காலையை நடத்திய நிறுவனம் கோமின்கோ. நல்ல ஆட்டக்காரர் ஊருக்கு வந்தால் ஆலையில் வேலை உண்டு. 1949-இல் திறந்த அரங்கத்துக்குக்கூட கோமின்கோ அரீனா என்றுதான் பெயர். மலைக்கு அந்தப் பக்கம் கிம்பர்லி என்ற ஊரில் இதே நிறுவனத்தின் சல்லிவன் சுரங்கம் இருந்தது. அங்கே கிடைத்த தாது ட்ரெய்லுக்கு வந்து உருகும். சுரங்க ஊருக்கும் ஓர் அணி, கிம்பர்லி டைனமைட்டர்ஸ். ஒரே நிறுவனத்தின் இரண்டு ஊர்கள் பனித்தரையில் பரம வைரிகள். கிம்பர்லி 1937-இல் உலக சாம்பியன். ட்ரெய்ல் 1939-இல் ஒருமுறை, 1961-இல் மறுமுறை. மலை மடிப்பில் மறைந்திருக்கும் இரண்டு தொழிலாளர் ஊர்கள் மூன்று உலகப் பட்டங்களை வாங்கி வந்தன என்பதை எத்தனை முறை எண்ணினாலும் எனக்கு வியப்பு தீர்வதில்லை.

சரி, அப்படியானால் அமெச்சூர் என்பதற்கு வரையறை என்ன? தொழில்முறை அணியோடு ஆட்ட ஒப்பந்தம் இல்லாதவர் அமெச்சூர். அவ்வளவுதான். திறமையைப் பற்றி அந்தச் சொல் எதுவும் கூறுவதில்லை.

இந்த எல்லைக்கோடு எப்போதும் ஒரே இடத்தில் இருந்ததும் இல்லை. ஆரம்பத்தில் ஒரு காசு வாங்கினாலும் அமெச்சூர் தகுதி போய்விடும். ஆனால் வேலைக்காரர்கள் ஆட வேண்டுமென்றால் வேலையை விட்டு வர வேண்டும், வந்தால் கூலி போகும். அந்த இழப்பை ஈடு கட்டலாமா என்பது 1930-களில் பெரிய சண்டையானது. ஈடு கட்டலாம் என்று ஹாக்கி சங்கம் 1936-இல் தன் விதியைத் தளர்த்தியபோது, நாட்டின் மற்ற அமெச்சூர் விளையாட்டுகளை நிர்வகித்த அமைப்போடு உறவே முறிந்துபோனது. பணக்காரர்கள் மட்டும் ஆடக்கூடிய ஆட்டமாக ஹாக்கி சுருங்கிவிடாமல் காத்த முடிவுகளில் ஒன்று அது என்பது என் கருத்து.

கோடு எவ்வளவு மங்கலாக இருந்தது என்பதற்கு ழான் பெலிவோ நல்ல உதாரணம். 1950-களின் தொடக்கத்தில் அவர் கியூபெக் ஏசஸ் என்ற அணிக்காக கியூபெக் சீனியர் லீக்கில் ஆடினார். பெயருக்கு அமெச்சூர். ஆனால் என்எச்எல் அணியான மாண்ட்ரியல் கனேடியன்ஸ் எத்தனை முறை அழைத்தும் அவர் அவசரப்படவில்லை, ஏனெனில் இருந்த இடத்திலேயே நல்ல வருமானம். கடைசியில் 1953-இல் அந்த லீக் முழுவதுமே தொழில்முறை லீக்காக மாறியது. அதற்குப் பின்னால் இருந்தது கனேடியன்ஸ் நிர்வாகம். தொழில்முறை ஆட்டக்காரர் ஆகிவிட்டதால், பெலிவோ மீது ஏற்கெனவே உரிமை வைத்திருந்த மாண்ட்ரியலுக்கே அவர் போக வேண்டியதாயிற்று. ஓர் அமெச்சூருக்காக ஒரு லீக்கின் தகுதியையே மாற்றினார்கள்!

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: சீனியர் என்பது 20-ஐத் தாண்டிய வயது. அமெச்சூர் என்பது ஒப்பந்தம் இல்லாத நிலை. இரண்டுமே ஆட்டத்தின் தரத்தை அளக்கும் சொற்கள் அல்ல.

ஏன் வட்டாரம்?

திங்கட்கிழமை காலை வேலைக்குப் போக வேண்டும். வட்டார லீக்கின் வரைபடத்தைத் தீர்மானிப்பது இந்த ஒரு விஷயம்தான்.

ஆட்டங்கள் பெரும்பாலும் வெள்ளி, சனி இரவுகளில் நடக்கும். வேலை முடிந்து பேருந்திலோ காரிலோ கிளம்பி, ஆடிவிட்டு, அன்றிரவோ மறுநாளோ வீடு திரும்ப வேண்டும். ஆகவே எட்டக்கூடிய தூரத்தில் இருக்கும் ஐந்தாறு அல்லது ஏழெட்டு ஊர்கள் சேர்ந்து ஒரு லீக். ட்ரெய்ல் ஆடியது 1946-இல் தொடங்கிய வெஸ்டர்ன் இன்டர்நேஷனல் ஹாக்கி லீக்கில். நெல்சன், ராஸ்லண்ட், கிம்பர்லி ஆகியவை அதில் இருந்த பக்கத்து ஊர்கள். எல்லைக்கு அப்பால் அமெரிக்காவின் ஸ்போகேன் நகரமும் அதில் உண்டு. நாட்டின் எல்லையைவிட மலைப்பாதையின் தூரம்தான் முக்கியம் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். அந்த ஸ்போகேன் ஜெட்ஸ் 1970-இல் கனடாவின் சீனியர் பட்டத்தையே வென்றுவிட்டது.

இன்னும் வடக்கே பீஸ் ஆற்றுப் பகுதியில் நார்த் பீஸ் ஹாக்கி லீக் இருக்கிறது. எண்ணெய், எரிவாயு, தானிய விவசாயம் என்று வாழும் ஊர்கள். ஃபோர்ட் செயின்ட் ஜான், டாசன் கிரீக் இரண்டும் பிரிட்டிஷ் கொலம்பியாவில், கிராண்ட் ப்ரேரி பக்கத்து ஆல்பர்ட்டா மாகாணத்தில். பனிப்பொழிவில், பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரிக் குளிரில், இருட்டு நெடுஞ்சாலையில் பயணம். இந்தத் தூரத்தையும் குளிரையும் தாண்டி வந்து ஆடுபவர்களைப் பொழுதுபோக்குக்காக ஆடுகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வருவதில்லை.

ஐரோப்பியக் கால்பந்தைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள்: லீக்கை வென்றால் மேல் லீக்குக்கு ஏறலாமா? முடியாது. வட அமெரிக்க ஹாக்கியில் அந்த ஏற்ற இறக்க முறை கிடையாது. சீனியர் லீக்கை எத்தனை முறை வென்றாலும் என்எச்எல்லில் இடம் கிடைக்காது. அணிகளுக்கு அது இலக்கும் அல்ல. பக்கத்து ஊரை வெல்வது, அப்புறம் மாகாணத்தை, அப்புறம் நாட்டை. அந்த ஏணி தனியாக இருக்கிறது.

பனித்தரைக்குப் பணம் யார் தருவது?

அரங்கம் பெரும்பாலும் நகராட்சியுடையது. பனித்தரையை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்க வேண்டும். குழந்தைகளின் ஹாக்கி, ஸ்கேட்டிங் வகுப்பு எல்லாம் முடிந்த பிறகு, இரவு நேரத்தில்தான் பெரியவர்களின் பயிற்சிக்கு இடம் கிடைக்கும். வாடகை, நடுவர்களுக்கான கட்டணம், காப்பீடு, மட்டைகள், பயணம் என்று செலவு வரிசையாக நிற்கும்.

வருமானம் நுழைவுச்சீட்டிலிருந்தும், உள்ளூர் கடைகளும் நிறுவனங்களும் தரும் ஆதரவிலிருந்தும் வருகிறது. ஆட்டத்தின் நடுவே ஒரு குலுக்கலும் உண்டு. சீட்டு விற்ற பணத்தில் பாதி வென்றவருக்கு, பாதி அணிக்கு. ஃபிஃப்டி-ஃபிஃப்டி என்பார்கள். நுழைவாயிலில் சீட்டு கிழிப்பவர், கடிகாரத்தை இயக்குபவர், கேன்டீனில் நிற்பவர் எல்லோரும் ஊர்க்காரர்கள், பெரும்பாலும் சம்பளமில்லாமல் வருபவர்கள். ஆட்டக்காரர்களுக்குப் பல அணிகள் பெட்ரோல் செலவு, தங்கும் செலவு போன்றவற்றைக் கொடுக்கின்றன. வெளியூர்க்காரர்களைப் பணம் கொட்டி இறக்கி ஓர் அணி மட்டும் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போகாமல் இருக்க, இம்போர்ட் எனப்படும் வெளியூர் ஆட்டக்காரர்களின் எண்ணிக்கைக்குப் பல லீக்குகள் வரம்பு வைத்திருக்கின்றன. இந்த விதி தளர்ந்தால் செலவு ஏறும், செலவு ஏறினால் சிறிய ஊர் விலகும், ஊர் விலகினால் லீக்கே ஆட்டம் காணும். ஒரு வட்டார லீக் எவ்வளவு நாள் தாங்கும் என்று அறிய வேண்டுமானால் முதலில் அதன் இம்போர்ட் விதியைப் பார்க்க வேண்டும் என்பேன்.

ஏணியின் உச்சியில் ஆலன் கோப்பை

ஸ்டான்லி கோப்பையின் பெயர் பலருக்குத் தெரியும், என்எச்எல் சாம்பியனுக்குக் கொடுப்பது. 1893-இல் அதை முதலில் வாங்கியது ஓர் அமெச்சூர் அணிதான். பிறகு சம்பளம் வாங்கும் அணிகள் அதைக் கைப்பற்றிக்கொண்டன. அமெச்சூர்களுக்கென்று தேசியக் கோப்பை இல்லாமல் போகவே, மாண்ட்ரியல் செல்வந்தர் மாண்டேகு ஆலன் புதிதாக ஒன்றைக் கொடுத்தார். அதுதான் ஆலன் கோப்பை. 1909-இல் ஒட்டாவா கிளிஃப்சைட்ஸ் அதன் முதல் சாம்பியன். அதே ஆண்டில் க்வீன்ஸ் பல்கலைக்கழக அணி சவால் விட்டு அதைப் பறித்துக்கொண்டது. அந்தக் காலத்தில் கோப்பையை வைத்திருப்பவரைச் சவாலுக்கு அழைத்துத்தான் ஆட வேண்டும். 1914-இல் தேசிய அமெச்சூர் ஹாக்கி சங்கம் உருவான பின், வட்டாரம் வட்டாரமாக வென்று மேலே வரும் முறை நிலைத்தது.

ட்ரெய்லை வைத்துப் பார்த்தால் ஏணி தெளிவாகும். முதலில் லீக் ஆட்டங்கள், ஒரு வெற்றிக்கு இரண்டு புள்ளிகள். முன்னணி அணிகள் ப்ளேஆஃப் எனப்படும் வெளியேற்றுச் சுற்றுக்குப் போகும். அங்கே இரண்டு அணிகள் திரும்பத் திரும்ப மோதி, முதலில் குறிப்பிட்ட எண்ணிக்கை வெற்றிகளைப் பெறுவது மேலே போகும். லீக்கை வென்றவர் மாகாணப் பட்டமான சாவேஜ் கோப்பைக்கு மோத வேண்டும். அதையும் வென்றால் மேற்குக் கனடாவுக்கான பாட்டன் கோப்பை. கடைசியில் கிழக்கின் சாம்பியனோடு ஆலன் கோப்பைக்கான இறுதிப் போட்டி. பிற்காலத்தில் இது சுருங்கி, ஒரே ஊரில் ஒரு வாரத்தில் நடக்கும் போட்டித்தொடராக மாறியது. நடத்தும் ஊருக்கு நேரடி இடம் உண்டு. 2010-இல் ஃபோர்ட் செயின்ட் ஜான் தன் சொந்த அரங்கிலேயே கோப்பையை வென்றது.

சுருக்கமாக: ஊர், வட்டாரம், மாகாணம், நாடு. என்எச்எல் இந்த ஏணியில் எங்குமே இல்லை.

ஊர் அணி எப்படி உலகை வென்றது?

இதற்கு விடை இரண்டு பகுதிகளில் இருக்கிறது. ஒன்று, ஒலிம்பிக்கிலும் உலக சாம்பியன்ஷிப்பிலும் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு அப்போது அனுமதி இல்லை. அதனால் கனடா பெரும்பாலும் ஆலன் கோப்பையை வென்ற அணியையோ அதற்கு அடுத்த நிலையில் இருந்த அணியையோ அனுப்பியது. 1920-இல் ஒலிம்பிக் தங்கம் வாங்கிய வின்னிபெக் ஃபால்கன்ஸ் அப்படிப் போன அணிதான். அதில் பெரும்பாலோர் ஐஸ்லாந்திலிருந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள், பலர் முதல் உலகப் போரில் பணியாற்றித் திரும்பியவர்கள்.

இரண்டாவது காரணம் எளிய கணக்கு. 1942 முதல் 1967 வரை என்எச்எல்லில் இருந்தது ஆறே அணிகள். அணிக்கு இருபது பேர் என்றால் மொத்தம் 120 இடம். நாடு முழுவதும் ஹாக்கி ஆடுகிறது, உச்சியில் இடம் 120 பேருக்குத்தான். மீதித் திறமையில் பெரும் பங்கு சீனியர் லீக்குகளில் இருந்தது.

எல்லா அணிகளும் ஜெயித்துவிடவில்லை. 1954-இல் டொராண்டோவை ஒட்டிய ஈஸ்ட் யார்க்கிலிருந்து லிண்ட்ஹர்ஸ்ட்ஸ் என்ற இரண்டாம் தர சீனியர் அணியை அனுப்பினார்கள். முதன்முறையாகப் பங்கேற்ற சோவியத் யூனியன் அதை 7-2 என்று தோற்கடித்தது. நாடே அவமானப்பட்டது. மறு ஆண்டு பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஒகனாகன் பள்ளத்தாக்கிலிருந்து பென்டிக்டன் வீஸ் என்ற அணி போய், சோவியத்தை 5-0 என்று வீழ்த்தியது. சோவியத் ஆட்டக்காரர்களும் பெயரளவில் அமெச்சூர்கள்தான். பலர் ராணுவச் சம்பளத்தில் முழுநேரமும் ஹாக்கி ஆடினார்கள். கனடாவின் ஆலைத் தொழிலாளிக்கு ஷிஃப்ட் முடிந்தால்தான் பயிற்சி. இந்த இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு விரிந்தது. 1963-இல் மீண்டும் போன ட்ரெய்ல் அணி நான்காவதாக வந்தது. அதற்குப் பின் ஊர் அணிகளை அனுப்பும் வழக்கம் நின்று, தேசிய அணி வந்தது. 1961-க்குப் பிறகு கனடா அடுத்த உலகப் பட்டத்தைப் பெற 1994 வரை காத்திருந்தது.

1961 அணியின் கோல்கீப்பர் சேத் மார்ட்டின். அந்த உலகப் போட்டியின் சிறந்த கோல்கீப்பர் விருது அவருக்குத்தான். பின்னாளில், 1967-68 பருவத்தில், அவர் என்எச்எல்லின் செயின்ட் லூயிஸ் ப்ளூஸ் அணியில் ஆடினார். ஒரே ஒரு பருவம். பிறகு ட்ரெய்லுக்கும் தன் தீயணைப்பு வேலைக்கும் திரும்பிவிட்டார். சீனியர் ஆட்டக்காரர் என்றால் யார் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இவரைத்தான்.

இன்று

1967-இல் என்எச்எல் ஆறிலிருந்து பன்னிரண்டு அணிகளானது. அதற்குப் பின்னும் விரிந்துகொண்டே போனது, போட்டி லீக்குகளும் வந்தன. முன்பு ஊரில் இருந்திருக்கக்கூடியவர்களுக்குச் சம்பள இடம் கிடைத்தது. சனிக்கிழமை இரவில் வீட்டிலேயே தொலைக்காட்சியில் என்எச்எல் ஓடியது. பல சீனியர் லீக்குகள் 1980-களுக்குள் மூடின. ட்ரெய்ல் ஸ்மோக் ஈட்டர்ஸ் என்ற பெயரில் இன்று இருப்பது ஜூனியர் அணி.

ஆனாலும் இந்த வகை ஹாக்கி அழிந்துவிடவில்லை. நியூஃபவுண்ட்லாந்தில் 1935 முதல் ஹெர்டர் கோப்பைக்காகச் சீனியர் அணிகள் மோதுகின்றன. அங்கிருந்து கார்னர் புரூக் ராயல்ஸ் 1986-இல் ஆலன் கோப்பையைத் தீவுக்கு முதன்முறையாகக் கொண்டுவந்தது. முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஒப்பந்தம் முடிந்த பின் சீனியருக்குத் திரும்புவதும் வழக்கம். ஸ்டான்லி கோப்பையும் 2002-இல் ஒலிம்பிக் தங்கமும் வென்ற தியோ ஃப்ளூரி, 2005 ஆலன் கோப்பையில் ஆல்பர்ட்டாவின் ஹார்ஸ் லேக் என்ற பூர்வகுடிச் சமூகத்தின் அணிக்காக ஆடினார்.

கடைசியாக ஒரு குழப்பம். வார நாட்களில் இரவு பத்து மணிக்கு நண்பர்கள் கூடி ஆடும் பொழுதுபோக்கு ஹாக்கியையும் சிலர் சீனியர் லீக் என்று சொல்லிவிடுகிறார்கள். அதற்குப் பியர் லீக் என்று பெயர். அங்கே பொதுவாகப் பாடிசெக் கிடையாது, பார்வையாளர்கள் இல்லை, மாகாணப் பட்டத்துக்குப் போகும் வழியும் இல்லை. ஓர் அரங்கத்தின் அட்டவணையில் ஆடவர் ஆட்டம் என்று பார்த்து, இரண்டில் எது என்று தெரியாவிட்டால், வாசலில் சீட்டு விற்கிறார்களா என்று பாருங்கள். விற்றால் அநேகமாகச் சீனியர்தான். உள்ளே போய் உட்காருங்கள், போர்வை ஒன்று கையோடு இருக்கட்டும், அரங்கத்துக்குள் நன்றாகவே குளிரும்.